ஒரே நிறத்தில் ஒரு பிள்ளை

விளக்கை அணைத்துப் படுத்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. நனைந்த சாக்கை யாரோ தகரக் கூரைமேல் இழுத்துக்கொண்டு போவது போலவும், இழுத்து முடித்ததும் பெரிய குடை ஒன்றை விரித்து மடக்குவது போலவும் கேட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏதோ தொப்பென்று குதித்து நக்கி நக்கிக் குடித்தது. "யாரு வீட்டு மாடு அவுத்துக்கிட்டு வந்துச்சோ" என்றாள் கூடத்தில் படுத்திருந்த மாமியார் பாக்கியத்தாய். கணவன் தனபாலன் புரண்டு படுத்தான், நாத்தனார் ஈஸ்வரி போனை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். சொர்ணக்கனி மட்டும் எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த மகள் மிருதுளாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் குடை விரிகிற சத்தம் தனக்குத் தெரிந்த சத்தம் என்று பயந்தாள். அந்தச் சிறகில் எத்தனை மடிப்பு, எந்த மடிப்பில் தோல் மெலிந்து நரம்பு தெரியும் என்பதெல்லாம் வரைந்து வரைந்து அழித்துப் பார்த்தவள் அவள்தானே.

விடிந்து போய்ப் பார்த்தால் தொட்டியடியில் அவள் வரைந்த அந்த மிருகம் காலை மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வெடிக்கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அச்சடிக்கிற ஊர் அது. வீட்டின் பின்பக்க அறையில் உட்கார்ந்து ரத்தினவேல் அண்ணாச்சியின் அச்சாபீசுக்குப் படம் போட்டுக் கொடுப்பது கனியின் வேலை. புதுசாக வருகிற ஒரு வெடிக்குச் சிறகு வைத்த மிருகம் வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஊரில் மற்றவர்கள் இப்படிப்பட்ட மிருகத்துக்கு ரோஸ் உடம்பும் கிளிப்பச்சைச் சிறகும் தங்கப் பிடரியும் போடுவார்கள், கடைக்காரன் கண்ணுக்கு அதுதான் பளிச்சென்று இருக்கும். கனிக்கு அப்படிப் போடக் கை வராது. கான்வென்ட்டில் டிராயிங் எடுத்த சிஸ்டர், கலர் பெட்டியைத் திறக்கும் முன்னால் பிள்ளைகளை மதிலோரம் கூட்டிப்போய் மேய்கிற ஆட்டைப் பார்க்கச் சொல்வார், "கடவுள் ஸ்கேல் வச்சுக் கோடு போடுறதில்ல" என்பார். அது அவள் விரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அதனால் மிருகத்தின் முதுகுக்கு, வெயிலில் வெடித்த கரிசலின் நிறத்தைப் போட்டாள். வயிற்றுக்கு அறுத்துப்போட்ட சோளத்தட்டையின் வெளிறல். தரையில் படுக்கிற பிராணிக்கு முட்டியில் ரோமம் தேய்ந்து காய்த்திருக்குமே என்று அங்கே சொரசொரப்பாகச் சாம்பல் தொட்டு வைத்தாள். இடது விலாவில் வரிகள் நெருக்கம், வலதில் கலைசல், ஒன்று பாதியிலேயே அறுந்துவிட்டது. சிறகின் உள்பக்கம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்த ஆட்டுக்குட்டிக் காது போல லேசான சிவப்பு. இவ்வளவும் செய்த பிறகும் அது பொம்மையாகவே இருந்தது. காலடியில் உட்கார்ந்து ரப்பரைக் கடித்துக்கொண்டிருந்த மகளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, அவள் நெற்றியில் இருந்ததை அப்படியே எடுத்து மிருகத்தின் நெற்றியில் வைத்தாள். அப்போதுதான் கண் அதை நம்பியது.

மிருதுளாவுக்குப் பிறக்கும்போதே நெற்றியில் வெள்ளைத் திட்டு. அதற்கு நேர் மேலே ஒரு கொத்து முடியும் வெள்ளை. முட்டிகளில் பால் சிந்தியது போல இரண்டு திட்டு, அந்த வெள்ளைக்குள்ளேயே மண்துளி தெறித்த மாதிரி சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். இது நோயில்லை, ஒட்டாது, வளரவும் செய்யாது, மச்சம் மாதிரி நினைச்சுக்கோங்க என்று டாக்டர் சொல்லியனுப்பினார். டாக்டர் சொன்னதைக் கனி மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள், மற்றவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

அண்ணாச்சி லேபிளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது? வெடி வாங்க வந்தவன் இதுக்கு ஒரு கட்டுப் புல்லு வாங்கிப் போட்டுட்டுப் போயிருவான் போலிருக்கே" என்றார். அன்றைக்கு ராத்திரிதான் கூரைமேல் சாக்கு இழுபட்டது.

ஊர் முதலில் வந்து வேடிக்கை பார்த்தது. சிறகு பறக்கவா, விசிறிக்கவா என்று கேட்டது. பாக்கியத்தாய் கழுநீரை வாளியில் ஊற்றி வைத்தாள், குடித்தது. வைக்கோல் போட்டாள், தின்றது. "கொம்பில்லாத மாடுதான், ரெக்கை ஒண்ணு கூடுதல்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். கால்நடை டாக்டர் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், எந்த இனத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் 'இதர' என்பதில் சேர்த்து ஊசியும் போட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் அது பஜாரில் நடு ரோட்டில் படுக்க ஆரம்பித்தது, மினிபஸ்காரன் ஹாரன் அடித்தே அலுத்துப்போய், "எந்திரிடா, ஒங்கப்பன் வீட்டு ரோடா?" என்று திட்டி, இறங்கிவந்து பிருஷ்டத்தில் தட்டி ஓரமாக ஒதுக்கினான். அப்படி ஒருவன் சலித்துத் திட்டியதோடு அது ஊரின் சொந்தப் பிராணி ஆகிவிட்டது.

மற்ற ஓவியர்கள் விடுவார்களா? மயில் நீலத்தில் யானைக்குதிரை போட்டார்கள், நெருப்புச் சிவப்பில் மூன்று தலைப் பாம்பு போட்டார்கள், ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒன்றும் காகிதத்தைவிட்டு இறங்கவில்லை. கனி போட்டது மட்டும் இறங்கியது. கத்திரித் தோட்டத்துக்குக் காவலாக, முள்ளம்பன்றி உடம்பும் நாய் முகமும் கொண்ட ஒன்றைக் கேட்டார்கள், காய்ந்த வேலிக்கருவேல நிறத்தில் போட்டுக் கொடுத்தாள். குடோன் எலிக்கு ஒன்று கேட்டார்கள், கரியும் அழுக்கும் கலந்த நிறத்தில் போட்டுக் கொடுத்தாள். "கனி போட்டா கண்ணு நம்பிரும்" என்றார்கள்.

முதலில் வந்த மிருகத்தின்மேல்தான் ஊருக்குத் தனிப் பிரியம். "நெத்திச்சுட்டியப் பாரு, என்ன லட்சணம்!" என்று குழாயடிப் பெண்கள் அதன் நெற்றி வெள்ளையைத் தடவி விரலைத் தங்கள் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார்கள், கைக்குழந்தைகளைத் தூக்கிவந்து அதன் நாக்கால் நக்கக் கொடுத்தால் பயம் தெளியும் என்பார்கள். அதே குழாயடிக்கு மிருதுளா ஓடிப்போனால், அதே பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். ஒரே வெள்ளை, ஒரே பழுப்புப் புள்ளி. கனி குடத்தைக் குழாயில் வைத்துவிட்டு, நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வீட்டில் மிருதுளாவுக்கு எப்போதும் ஒரு தொப்பி உண்டு. மஞ்சளும் காப்பித்தூளும் குழைத்து நெற்றியில் பூசிவிடுவதும் உண்டு. வியர்த்தால் அது வழிந்து பிள்ளை இன்னும் விசித்திரமாகத் தெரிவாள், அதற்கும் கனிக்குத்தான் திட்டு.

அந்தச் சமயத்தில்தான் ஈஸ்வரிக்கு நல்ல இடத்திலிருந்து வரன் வந்தது. பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் பாக்கியத்தாய் முதலில் பார்த்தது பேத்தியின் நெற்றியைத்தான். அந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் வீட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக் கொஞ்சுவது வழக்கம், கொஞ்சுகிற சாக்கில் வம்சத்தையும் பார்த்துவிடுவார்கள்.

"பிள்ளைய மலைக்கு மேல இருக்கிற ஆஸ்டல்ல விட்டுரலாம்னு தனபாலு விசாரிச்சு வச்சிருக்கான்" என்றாள் பாக்கியத்தாய், கீரையை ஆய்ந்துகொண்டே.

கனி நிமிர்ந்தாள். "அவளுக்கு இன்னும் கால் கழுவிக்கவே தெரியாது, அத்தை."

"அங்க சொல்லிக் குடுப்பாக."

"அந்த மிருகத்துக்கும் இதே சுட்டிதான அத்தை. ஊரே தொட்டுக் கும்பிடுதே."

"மாட்டுக்கு நெத்திச்சுட்டி இருந்தா லட்சணம். பிள்ளைக்கு இருந்தா வரன் வருமாளா?" கீரைத் தண்டை ஒடித்துத் தூரப் போட்டாள். பிறகு குரலைத் தணித்து, ஏதோ பெரிய சலுகை காட்டுவது போலச் சொன்னாள். "அனுப்ப மனசில்லேன்னா ஒண்ணு செய். ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்கியே, நம்ம வீட்டுக்கு ஒண்ணு போடு. இதே மூஞ்சி, இதே சாடை. நிறம் மட்டும் சுத்தமா, ஒரே நிறமா. அவுக வந்துட்டுப் போற வரைக்கும்."

கனி கணவனைப் பார்த்தாள். அவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, "ஒரு நா தானே கனி" என்றான்.

"மதினி, ப்ளீஸ் மதினி, எனக்காக" என்றாள் ஈஸ்வரி, கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது, இரண்டு தடவையும் மிருதுளாவின் தொப்பிக்குள் இருந்து எட்டிப் பார்த்த வெள்ளைதான் காரணம் என்று வீட்டில் பேச்சு.

கனி பின்பக்க அறைக்குப் போய், தூரிகையைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டு யோசித்தாள். வரையமாட்டேன் என்றால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். வரைந்தால், அது இறங்கிவந்தால்? கடைசியில் பயந்தவர்கள் செய்கிற தந்திரத்தைச் செய்தாள். மோசமாக வரைந்தாள். தன் கைக்குத் தெரிந்ததையெல்லாம் மறைத்து, ஒரே கிண்ணத்தில் ஒரே கோதுமை நிறத்தைக் கலக்கி, நெற்றிக்கும் கன்னத்துக்கும் முட்டிக்கும் பாதத்துக்கும் அதையே வழித்தாள். மோவாய்க்குக் கீழே நிழல் போடவில்லை. காதுமடல் வெளிச்சத்தில் சிவக்கவில்லை. முழங்கை கறுக்கவில்லை, கொசுக்கடி இல்லை, தழும்பு இல்லை, இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே அச்சு. ஒரு தீப்பெட்டி லேபிளுக்குக்கூட இவ்வளவு உயிரில்லாத படத்தை அவள் கொடுத்ததில்லை. இது காகிதத்தைவிட்டு இறங்காது, மனுஷ உருவம் எனக்கு வரலை அத்தை என்று சொல்லிவிடலாம், இந்தப் பேச்சு இதோடு முடியும் என்று நினைத்து, இரவு நன்றாகவே தூங்கினாள்.

கூரைமேல் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. காலையில் கூடத்துக்கு வந்தால், பாக்கியத்தாயின் மடியில் அது உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது.

"பாத்தியாளா, எவ்வளவு அம்சமா போட்டிருக்கே! வராது வராதுன்னு பிகு பண்ணினியே" என்று மாமியார் கலியாணமாகி வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாள்.

கனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் மோவாய்க்குக் கீழே நிழலே இல்லை. சட்னி சிந்திய இடத்தில் தோல் சட்னியை வாங்கவில்லை, எண்ணெய்க் காகிதத்தில் போல உருண்டு விழுந்தது. இதை யாருமே பார்க்கவில்லையா? பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், பால்காரன் பார்த்தான், லேபிள் வாங்க வந்த அண்ணாச்சியும் பார்த்து, "தங்க விக்கிரகம் மாதிரி இருக்காம்மா ஒன் பொண்ணு" என்றார். கரிசல் நிறம் போட்டு, காய்த்த முட்டி வைத்து, வரியைப் பாதியில் அறுத்து, ஒரு மிருகத்தை இவர்கள் நம்புவதற்கு அவள் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. படத்தை இறக்கிவிடுவது அவள் கை இல்லை, பார்க்கிற இவர்களுடைய கண்தான். மிருகம் என்றால் இவர்களுக்கு மண்ணும் தழும்பும் வேண்டும். பெண்பிள்ளை என்றால் ஒன்றும் வேண்டாம், ஒரே நிறமாக இருந்தால் போதும், மற்றதை இவர்களே நம்பிக்கொள்வார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அது மடி மடியாக உட்கார்ந்தது, எல்லா மடியிலும் ஒரே சிரிப்புச் சிரித்தது. மிருதுளாவைப் பின்பக்க அறையில் மிருகத்தோடு விட்டிருந்தார்கள். மிருகம் ஜன்னல் வழியாக ஒருமுறை கூடத்தை எட்டி முகர்ந்து, பெயின்ட் வாடை பிடிக்காத மாதிரி தும்மிவிட்டு, சிறகை விரித்து மிருதுளாவை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்தது. பூ வைத்து நாள் குறித்துவிட்டுத்தான் வந்தவர்கள் போனார்கள்.

கனி அன்றே படத்தைத் தண்ணீரில் முக்கிக் கழுவினாள், கிழித்தாள், அடுப்பில் போட்டாள். அது கூடத்தில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டுதான் இருந்தது.

"கல்யாணம் வரைக்கும் இருக்கட்டும்" என்றாள் பாக்கியத்தாய். பிறகு அதற்கு மிருதுளாவின் கவுனைப் போட்டார்கள், வேறு கவுன் எதற்குத் தைக்க வேண்டும் என்று. மிருதுளாவின் தட்டில் சோறு போட்டார்கள். மிருதுளா என்றே கூப்பிட்டார்கள், அதுவும் "என்ன?" என்று திரும்பியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாள் வந்தபோது தனபாலன் அதைத்தான் பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனான், வாசலில் நின்று டாட்டா காட்டியது மகள் என்பதைக் கவனிக்காமல் அவனும் டாட்டா காட்டினான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு அது சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, அந்தப் பாப்பாவுக்கு முட்டில அழுக்கே இல்ல" என்றாள் மிருதுளா ஒருநாள், தன் முட்டியை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே.

"அது விளையாடாது கண்ணு."

"விளையாடாட்டி எப்படிம்மா பாப்பா?"

கனி குனிந்து அந்த முட்டியைப் பார்த்தாள். வெள்ளைத் திட்டுக்குமேல் செம்மண், அதற்கு நடுவே உதிரக் காத்திருக்கிற ஒரு பொருக்கு, அதைச் சுற்றிப் புதுத்தோலின் இளஞ்சிவப்பு. எந்தக் கிண்ணத்திலும் கலக்க முடியாத நிறம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு பாக்கியத்தாய் சொன்னாள். "ஆஸ்டல்காரம்மாவுக்குச் சொல்லியாச்சு. காலையில கார் வருது."

"அத்தை, நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணு போட்டுக் குடுத்தா இவள அனுப்பமாட்டேன்னு."

"ஒரே வீட்டுல ஒரே மூஞ்சில ரெண்டு புள்ள இருந்தா சம்பந்தி வீட்டுல என்னன்னு சொல்லட்டும்? எது நெசம்னு கேட்டா?"

"எது நெசம்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பாக்கியத்தாய் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். மடியில் கிடந்த அதன் தலையைக் கோதினாள், கோதிய கையில் ஒரு முடிகூட ஒட்டவில்லை. "எங்களுக்கு இது போதும்" என்றாள்.

கனி கணவனைக் கூப்பிட்டாள். "ஏங்க." அவன் டி.வி. சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினான். ஈஸ்வரி தலையைக் குனிந்து மருதாணிக் கையை ஊதிக்கொண்டிருந்தாள்.

கனி எழுந்து பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மிருகத்தின் விலாவில் தலைவைத்து மிருதுளா தூங்கிக்கொண்டிருந்தாள், அது கழுத்தைத் திருப்பிப் படுத்ததில் அதன் நெற்றியும் இவள் நெற்றியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் போடுகிற வழக்கமில்லை. மருமகள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டால் குடும்பம் ரெண்டாகும் என்று பாக்கியத்தாய் தீபாவளிக்குத் தீபாவளி கதவுக்குப் பெயின்ட் அடிக்கும்போது தாழ்ப்பாளையும் சேர்த்தே அடிக்கச் சொல்வாள். அது கதவோடு கதவாக இறுகி, ஒரு வீக்கம் மாதிரி மட்டும் தெரிந்தது.

கனி டர்பன்டைனைத் துணியில் ஊற்றி அந்த வீக்கத்தின்மேல் அழுத்திப் பிடித்தாள். கலர் சுரண்டுகிற பிளேடை எடுத்து ஓரத்தில் விட்டு நெம்பினாள். பச்சை உரிந்தது, அதற்கடியில் ஒரு நீலம் உரிந்தது, அதற்கும் அடியில் அவள் இந்த வீட்டுக்கு வருமுன் யாரோ ஒரு மருமகள் காலத்துக் காவி உரிந்தது. பிளேடு நழுவி விரலில் இறங்கியது, உறிஞ்சிவிட்டுத் திரும்பச் சுரண்டினாள். சத்தம் கேட்டுக் கூடத்தில் டி.வி. நின்றது.

"கனி, என்ன பண்ற உள்ள?" தனபாலன் கதவைத் தட்டினான். "கனி. திற. அம்மா கோவப்படுறாங்க."

"ஏ சொர்ணக்கனி!" என்றாள் மாமியார்.

கடைசித் துண்டு பெயின்ட் தெறித்து விழ, இரும்பு ஆடிக்கொடுத்தது. அப்போது வெளியே எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கதவில், இடுப்புயரத்தில், ஒரு சின்னக் கை தட்டியது. எல்லாத் தட்டும் ஒரே கனம்.

"அம்மா" என்றது அது. மிருதுளாவின் குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். "அம்மா. நான்தான் மிருதுளா. கதவைத் திறம்மா."

கனியின் கை தாழ்ப்பாளில் அப்படியே நின்றது. அதையும் அவள்தான் பெற்றாள், அதை வேறு யாரும் வரையவில்லை. அதன் கண் இரண்டும் ஒரே அச்சாக இருப்பதற்கு, அதற்கு நிழல் இல்லாததற்கு, அது விளையாடாததற்கு எல்லாம் அவள் பயம்தான் காரணம். பின்னால் மிருகம் தூக்கத்தில் சிறகை மாற்றிப் போட்டது, குடை மடங்குகிற சத்தம். மிருதுளா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, நெற்றியில் படிந்த முடியோடு, "யாரும்மா தட்டுறது?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு, கனி உடம்பின் கனத்தையெல்லாம் கையில் கொடுத்து, ரத்தமும் மூன்று நிறப் பெயின்ட்டும் ஒட்டிய அந்தத் தாழ்ப்பாளை உள்பக்கம் தள்ளிப் போட்டாள்.